பீபாப் பயிற்சிக்கு மூன்று வழிகள்: நாளுக்கு முக்கால் மணி நேரமே உள்ளவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

பீபாப் என்ற வேகமான ஜாஸ் நடையை உருவாக்கியவர்களுள் ஒருவரான சார்லி பார்க்கர், 1954இல் சக சாக்சஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்டுக்கு அளித்த வானொலி நேர்காணலில், மூன்று நான்கு ஆண்டுகள் தாம் நாளொன்றுக்கு 11 முதல் 15 மணி நேரம் வரை சாக்சஃபோன் பயின்றதாகக் கூறினார். சிங்கப்பூரில் அலுவலகம் முடிந்து வீடு திரும்பி, இரவு உணவும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடிந்த பிறகே கருவியைக் கையில் எடுக்கக்கூடிய ஒருவருக்கு அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது முக்கால் மணி நேரம், கிடைத்தாலே பெரிது. அந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் பயிற்சிக்குக் கொடுப்பது என்பதுதான் இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. பீபாப் பயிற்சி என்ற பெயரில் புத்தகங்களும் காணொளிகளும் ஏராளமாகக் கிடைத்தாலும், அவற்றை அலசிப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்று வழிகளுள் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. ஸ்கேல்களை, அதாவது ஏறி இறங்கும் சுர வரிசைகளை, சில விதிகளின்படி பயில்வது முதல் வழி. ஆயத்தமாக உள்ள சிறு சொற்கட்டுகளை, ஜாஸ் வாசிப்பவர்கள் லிக் என்று சொல்பவற்றை, 12 சுருதிகளிலும் மனப்பாடம் செய்வது இரண்டாவது. பெரிய கலைஞர்களின் தனி வாசிப்பை ஒலிப்பதிவிலிருந்து காதால் கேட்டுப் பிடிப்பது மூன்றாவது.

இம்மூன்று வழிகளிலும் வந்தவர்களுள் நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதால், எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அறையில் பயின்றது, தாளம் நில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாடலுக்குள் எவ்வளவு விரைவில் கைக்கு வருகிறது? மாதக்கணக்கில் பயிற்சி செய்தும், பாடல் தொடங்கியவுடன் பழகிய நான்கைந்து சுரங்களையே சுற்றிவருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. அவர்கள் பயின்ற பொருள் பாடலுக்குள் நுழையும் வடிவத்தில் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவே.

பீபாப் நம்மிடம் கேட்பது

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற இடங்களில், 1940களின் தொடக்கத்தில், பின்னிரவுகளில் கூடி வாசித்த இளம் கலைஞர்களிடமிருந்து இந்த நடை உருவானது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 முதல் 1944 வரை ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்ததால், அந்த வளர்ச்சிப் பருவத்தின் பெரும்பகுதி இசைத்தட்டில் பதியவே இல்லை. 1945இல் பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வெளியிட்ட பதிவுகள் திடீரென்று முளைத்தவைபோல் பலருக்குத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவற்றின் அடித்தளம் பழையது. அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் கார்டு வரிசையை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசையை, அப்படியே வைத்துக்கொண்டு அதன்மீது புதிய மெட்டுகளை அமைத்தார்கள்: ‘ஹவ் ஹை த மூன்’ பாடலின்மீது ‘ஆர்னிதாலஜி’, ‘செரோக்கி’யின்மீது ‘கோ-கோ’. நான்கு பீட், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, கொண்ட பாரின் தொடக்கத்திலோ நடுவிலோ கார்டு மாறிக்கொண்டே இருக்க, அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒற்றை வரியான வாசிப்பிலேயே தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது இந்த நடையின் எதிர்பார்ப்பு.

கர்நாடக இசை பயின்றவருக்குச் சிக்கல் தொடங்குவது இங்குதான். 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களிலோ, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடமோ சரளி வரிசையில் தொடங்கிக் கல்பனாசுரம் வரை வந்த ஒருவருக்கு மனோதர்மம் அந்நியமானதில்லை. தாளக் கணக்கும், எவ்வளவு தூரம் போனாலும் எடுப்புக்குத் திரும்பி வந்து சேர வேண்டிய பொறுப்பும் அவருக்குப் பழகியவை. ஆனால் அவருடைய ஆதார ஷட்ஜம் கச்சேரி முடியும்வரை அசைவதில்லை. ஜாஸில் கார்டு மாறும்போதெல்லாம் எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதில் நின்றால் உறுத்தும் என்ற உறவே மாறிவிடுகிறது. எஃப் சுருதியில் அமைந்த புளூஸை, அதாவது 12 பாரில் சுற்றிவரும் பாடல் கட்டமைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் 7 ஒலிக்கும் முதல் பாரில் ஏ என்ற சுரம் அந்தர காந்தாரமாக நிறைவாக நிற்கும். அடுத்துப் பி ஃபிளாட் 7 வந்தவுடன் அதே ஏ முள்ளாகக் குத்தும். அரைச்சுரம் இறங்கி ஏ ஃபிளாட்டுக்கு வந்தால்தான் பொருந்தும். கிரகபேதம் கேட்டுப் பழகியவர்கள் இதை ஓரளவு ஊகித்துவிடலாம் என்றாலும், கிரகபேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க ஷட்ஜம் மட்டும் இடம் மாறுகிறது. இங்கு ஷட்ஜத்தோடு சுரங்களும் மாறுகின்றன. நிமிடத்துக்கு 200 பீட் என்ற வேகத்தில், ஒரு பார் என்பது ஒன்றேகால் விநாடிக்கும் குறைவு. பீபாப் தரத்தில் அது மிதமான வேகம்.

ஸ்கேல் வழி: எட்டாவது சுரத்தின் கணக்கு

மூன்று வழிகளுள் மிகத் தெளிவான தர்க்கம் உடையது ஸ்கேல் வழிதான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். சி 7 கார்டில் உள்ளவை சி, ஈ, ஜி, பி ஃபிளாட் என்ற நான்கு சுரங்கள். அதற்குரிய ஏழு சுர ஸ்கேல் நமது ஹரிகாம்போதியேதான். மேல் சியிலிருந்து பீட்டுக்கு இரண்டு குவேவர் (அரை பீட் நீளமுள்ள சுரம்) வீதம் நேராக இறங்கினால், ஒரு பாரின் நான்கு பீட்டுகளில் விழும் சுரங்கள் சி, ஏ, எஃப், டி. இந்த நான்கையும் சேர்த்தால் கிடைப்பது டி மைனர் 7 கார்டு. சரியான ஸ்கேலை ஒரு சுரம்கூடப் பிசகாமல் வாசித்தும், கேட்பவர் காதில் வேறொரு கார்டு ஒலிக்கிறது. இப்போது மேல் சி, பி ஃபிளாட் ஆகிய இரண்டுக்கும் நடுவே பி என்ற சுரத்தையும் சேர்த்து ஏழை எட்டாக்குங்கள். பீட்டுகளில் விழுபவை சி, பி ஃபிளாட், ஜி, ஈ என்று மாறி, பின்னணியே இல்லாமல் வாசித்தாலும் சி 7 கேட்கிறது. காம்போதியில் காகலி நிஷாதத்தை அந்நிய சுரமாகத் தொட்டுப் பழகியவருக்கும் இரண்டு நிஷாதங்களை இப்படி அடுத்தடுத்து வாசிப்பது முதலில் கூச்சமாகவே இருக்கும். அங்கே அந்தச் சுரம் ஒரு குறிப்பிட்ட பிரயோகத்தின் அழகுக்காக வருகிறது; இங்கே அது தாளக் கணக்கைச் சரிசெய்ய வருகிறது.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் பல காலம் ஜாஸ் கற்பித்த டேவிட் பேக்கர் இதைப் பீபாப் ஸ்கேல் என்ற பெயரில் பாடமாக்கினார். டெட்ராய்ட்டில் 1929இல் பிறந்து 2021இல் மறைந்த பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ், நியூயார்க்கில் தாம் நெடுங்காலம் நடத்திய வாராந்திர வகுப்புகளில் ஏறக்குறைய அதே செய்தியை வேறு விதமாகக் கற்பித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பாடலுக்குள் கொண்டுபோகும்போதுதான் வேறுபாடு தெரியும். எட்டுச் சுர ஸ்கேலை மாறாத ஒரு பொருளாக மனப்பாடம் செய்தவர், சி 7 கார்டின்மீது டி என்ற சுரத்தில் பீட்டின்மீது தொடங்கி இறங்கினால், பீட்டுகளில் டி, பி, ஏ, எஃப் என்று விழுந்து கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். ஹாரிஸின் விதி தொடங்கும் சுரத்தைப் பார்த்து மாறுகிறது: கார்டின் சுரம் ஒன்றில் தொடங்கினால் ஒரு கூடுதல் அரைச்சுரத்தைச் சேர்க்க வேண்டும், ஸ்கேலின் இரண்டாவது, நான்காவது அல்லது ஆறாவது சுரத்தில் தொடங்கினால் ஒன்றும் சேர்க்காமல் விடலாம், அல்லது இரண்டு சேர்க்கலாம். மனோதர்மத்தில் முந்தைய வரி நம்மை எங்கே கொண்டுவந்து விடுகிறதோ அங்கிருந்துதான் அடுத்த வரியைத் தொடங்க முடியும் என்பதால், எந்தச் சுரத்திலிருந்தும் செல்லுபடியாகும் விதியே பாடலுக்குள் உதவுகிறது. ஸ்கேல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஹாரிஸின் பக்கம் சாய்வதே நல்லது என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணமும் நடைமுறை சார்ந்தது. ஜாஸ் பாடல்களில் அடிக்கடி வரும் டி மைனர் 7, ஜி 7 என்ற இணையை ஹாரிஸ் இரண்டு கார்டுகளாக எண்ண விடுவதில்லை. இரண்டின்மீதும் ஜி 7 ஸ்கேலையே வாசிக்கச் சொல்கிறார். இதனால் ஒரு பாடலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றங்கள் பெருமளவு குறைகின்றன. ஒரே ராகத்தில் நீண்டநேரம் சஞ்சரித்துப் பழகிய மனத்துக்கு இது ஆறுதலான ஏற்பாடு.

அந்த ஆறுதலிலேயே இவ்வழியின் ஆபத்தும் இருக்கிறது. வரிசைகளை ஏற்றி இறக்கி, முதல் காலம் இரண்டாம் காலம் என்று பயில்வது நம்மில் பலருக்குச் சிறுவயதுப் பழக்கம். அதில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும், மனமும் நிறையும். ஆனால் ஸ்கேல் பயிற்சிக்கு ஆரம்பமும் முடிவும் மூச்சும் கிடையாது. ஒரு வரியை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் வாசிக்காமல் இருப்பது ஆகிய கேள்விகளுக்கு அது விடை சொல்வதில்லை. அதை மட்டுமே பயின்றவரின் தனி வாசிப்பு, கார்டுகள் எல்லாம் சரியாக இருந்தும், இடைவெளியே இல்லாத குவேவர் சங்கிலியாக ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள்.

லிக் வழி

லிக்குகளைச் சேகரிப்பதை ஏளனமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் சான்றுகள் அவ்வளவு எளிதாக அந்தப் பக்கம் சாய்வதில்லை. தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் 1974இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், பார்க்கரின் தனி வாசிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சுமார் 100 சொற்கட்டுகளை இனங்கண்டு பட்டியலிட்டார். மனோதர்மத்தின் உச்சம் என்று போற்றப்படுபவரே தம் கைவசம் இருந்த சொற்கட்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தார் என்றால், நாம் சிலவற்றை மனப்பாடம் செய்வதில் இழிவு எதுவும் இல்லை.

தடையாக இருப்பது கணக்குத்தான். 20 லிக்குகளை 12 சுருதிகளிலும் பயின்றால் 240 உருப்படிகள் ஆகின்றன. அவற்றைக் கைமறக்காமல் வைத்திருப்பதற்கே முக்கால் மணி நேரம் போதாது. மேலும், பயிற்சிப் புத்தகங்களில் உள்ள லிக்குகளில் பல பாரின் முதல் பீட்டில் தொடங்கி, இரண்டு பாருக்குள் ஒழுங்காக முடிகின்றன. பார்க்கரின் வரிகள் பாரின் எல்லைக்கோட்டை மதிப்பதே இல்லை. பீட்டின் பிற்பாதியில் தொடங்கி, எதிர்பாராத இடத்தில் வெட்டி நிற்கும். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாணவரிடம் நடுவர் இடையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் என்ன ஆகுமோ, ட்ரம்ஸ் வாசிப்பவர் எதிர்பாராத இடத்தில் ஓர் அழுத்தம் கொடுக்கும்போது லிக் மனப்பாடக்காரருக்கும் அதுவே நேர்கிறது. கிட்டார் வாசிப்பவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தக் கருவியில் ஒரே விரலமைப்பை நகர்த்தினாலே சுருதி மாறிவிடும் என்பதால், காதுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் 12 சுருதிகளையும் முடித்துவிடலாம்.

கேட்டுப் பிடிக்கும் வழி

பார்க்கர் தாமே இவ்வழியில் வந்தவர். 1937ஆம் ஆண்டுக் கோடையில் மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதி விடுதி ஒன்றில் ஓர் இசைக்குழுவுடன் வாசிக்கச் சென்றபோது, கவுன்ட் பேசி குழுவின் இசைத்தட்டுகளில் சாக்சஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த தனி வாசிப்புகளைக் கேட்டுக் கேட்டுத் தம் கருவியில் கொண்டுவந்தார். பின்னர் பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தம் மாணவர்களை இதே திசையில் இன்னும் ஒரு படி பின்னால் நிறுத்தினார்: கருவியைத் தொடுவதற்கு முன் லெஸ்டர் யங், பார்க்கர் போன்றோரின் வாசிப்பைப் பதிவோடு சேர்ந்து வாயால் பாட வேண்டும் என்றார். குரு பாடக் கேட்டுத் திருப்பிப் பாடி வளர்ந்தவர்களுக்கு இந்த முறையை விளக்கவே தேவையில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்பதில் ஆர்வக்கோளாறு வேண்டாம். 1945 நவம்பர் 26 அன்று சவாய் நிறுவனத்துக்காகப் பார்க்கர் செய்த ஒரே ஒலிப்பதிவு அமர்வில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 பீட் வேகத்தில் ஓடும் ‘கோ-கோ’வும் இருக்கிறது, நிதானமான எஃப் புளூஸான ‘நவ்ஸ் த டைம்’ என்பதும் இருக்கிறது. அப்போது 19 வயதே ஆகியிருந்த மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட் வாசிக்கும் இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்கால 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடத்தையே தாங்கும் என்பதால் தனி வாசிப்புகளும் சுருக்கமானவை. நமக்கு அது வசதி. முழுவதையும் பிடித்தாக வேண்டும் என்பதில்லை. நான்கு பார் போதும். ஆனால் அந்த நான்கு பாரில் எந்தச் சுரம் முழுக்குரலில் ஒலிக்கிறது, எது பாதி விழுங்கப்படுகிறது, வரியின் உச்சியில் அழுத்தம் எப்படி விழுகிறது, அடுத்த வரிக்கு முன் எவ்வளவு மௌனம் என்பவை எல்லாம் பிடிபட்டிருக்க வேண்டும். நமது கமகப் பழக்கம் இங்கு இருபுறமும் வெட்டும் கத்தி. சுரத்துக்குச் சுரம் இடையே நடப்பதைக் கூர்ந்து கேட்கும் காதை அது தந்திருக்கிறது. அதே சமயம், அசையாமல் நேராக நிற்க வேண்டிய குவேவரையும் வளைக்கச் சொல்கிறது.

பார்க்கரின் தனி வாசிப்புகளைப் பிரதியெடுத்து 1978இல் வெளியான ‘ஆம்னிபுக்’ பெரும்பாலான ஜாஸ் மாணவர்களின் அலமாரியில் இருக்கும். பியானோவில் கிரேடு தேர்வுகள் எழுதி வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்து வாசிப்பது இயல்பாகவும் விரைவாகவும் வரும், அதனாலேயே நான் மேலே சொன்ன எதுவும் அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். தாளில் சுரங்கள் இருக்கின்றன. அவை விழும் விதம் ஒலிப்பதிவில்தான் இருக்கிறது. காதால் பிடித்த பிறகு சரிபார்க்க அந்தப் புத்தகத்தைத் திறப்பதே முறை.

சிங்கப்பூர் வாழ்க்கைக்கே உரிய ஒரு காரணமும் இவ்வழிக்குச் சாதகமாக இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் சாக்சஃபோனையோ ட்ரம்பெட்டையோ எடுக்க முடியாது. அண்டை வீட்டாரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஸ்கேல் வழியும் லிக் வழியும் விரல்களைச் சார்ந்தவை என்பதால் கருவி இல்லாத நேரம் அவற்றுக்கு வீண். கேட்டுப் பிடிப்பதன் முதல் பாதி காதிலும் தொண்டையிலும் நடக்கிறது. பொங்கோலிலிருந்து தேக்காவுக்கு வடகிழக்கு ரயில் பாதையில் போகும் நேரத்தில் நான்கு பாரைக் காதொலிக் கருவியில் திரும்பத் திரும்பக் கேட்டு மனத்துக்குள் பாடிவிட்டால், வீட்டில் கருவியோடு செலவிடும் நேரம் முழுவதும் விரலுக்கே மிஞ்சுகிறது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துத் தரும் செயலிகளும் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கிட்டாரும், காதொலிக் கருவி மாட்டக்கூடிய மின்பியானோவும் வாசிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வழியின் குறை, முதல் பல வாரங்களில் கைக்கு எதுவும் வந்து சேராததுபோல் தோன்றும் மந்தகதி. அதைத் தாண்டி வந்தவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது: பார்க்கரின் தனி வாசிப்பு முழுவதையும் கீர்த்தனைபோல் ஒப்பித்துவிட்டு, சொந்தமாக ஒரு சுற்று வாசிக்கச் சொன்னால் விழிப்பது. ருத்ரேஷ் மகந்தப்பாவின் 2015ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘பேர்ட் கால்ஸ்’ இதற்கு நல்ல மாற்று உதாரணம். கத்ரி கோபால்நாத்துடன் சேர்ந்து 2008இல் ஒரு தொகுப்பை வெளியிட்ட அதே ஆல்ட்டோ சாக்சஃபோன் கலைஞர்தான் இவர். பார்க்கருக்கு அஞ்சலியாக அமைந்த அத்தொகுப்பில் பார்க்கரின் பாடல் ஒன்றையும் அப்படியே வாசிக்காமல், அவருடைய மெட்டுகளிலும் தனி வாசிப்புகளிலும் இருந்து எடுத்த துண்டுகளை விதைகளாகக் கொண்டு புதிய உருப்படிகளை அமைத்தார். கேட்டுப் பிடித்ததை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

கர்நாடக இசைப் பின்னணி உள்ள, நாளுக்கு முக்கால் மணி நேரம் உள்ள ஒருவர் கேட்டுப் பிடிக்கும் வழியையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. ஹாரிஸின் ஸ்கேல் விதிகளை அதற்குத் துணையாக, பத்து நிமிடத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம். பிடித்த நான்கு பாரை வேறு கார்டுக்கு மாற்றவும், நீட்டவும், வேறு இடத்தில் தொடங்கவும் அந்த விதிகள் தேவைப்படும். அவற்றுக்கு அதைவிடப் பெரிய இடம் கொடுத்தால் வரிசை பயிலும் சுகத்தில் நேரம் கரைந்துவிடும். லிக் சேகரிப்பை முதல் ஓராண்டுக்கு ஒத்திவைப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

பியானோ கிரேடு வழியில் வந்தவருக்கும் முடிவு இதுவே, ஆனால் அவருக்கு இது கசக்கும். 12 சுருதிகளும் விரலுக்குப் பழகியிருப்பதால் ஸ்கேல் விதிகள் அவருக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடும். தாள் இல்லாமல் கேட்பதுதான் பழகாதது. நிதானமான ஒரு பதிவின் இரண்டு பாரோடு அவர் தொடங்கட்டும்.

பயிற்சியே வேண்டாம், நேராக ஜாம் அமர்வுகளுக்கு, அதாவது ஒத்திகையின்றிப் பலர் கூடி வாசிக்கும் இடங்களுக்கு, போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தினமும் இரவில் வாசிக்க இடமிருந்த 1940களின் நியூயார்க்குக்கு அது பொருந்தியது. மாதத்துக்கு ஒருமுறை போக முடிந்தாலே அரிது என்ற நிலையில், ஜாம் அமர்வு நம்மைச் சோதித்துப் பார்க்கும் இடமாக இருக்கலாமே தவிரப் பயிலும் இடமாக இருக்க முடியாது. கேட்பதற்கு வாய்ப்புகள் குறைவில்லை. 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்ற பியானோ கலைஞர் ஜெரமி மொன்டேரோவைப் போன்றவர்கள் இவ்வூர்க்காரர்கள். எஸ்பிளனேடில் கட்டணமில்லா நிகழ்ச்சிகளும் நடக்கின்றன.

பயின்றதைப் பாடலுக்குள் கொண்டுபோவது

வழி எதுவானாலும், பயிற்சியின் கடைசிப் பகுதி பாடலுக்குள் நடக்காவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடு முழுவதும் வீண். முதல் சில மாதங்களுக்கு இரண்டே கட்டமைப்புகள் போதும்: எஃப் புளூஸ் ஒன்று, ‘ஐ காட் ரிதம்’ பாடலின் கார்டு வரிசையைப் பி ஃபிளாட் சுருதியில் வாசிப்பது மற்றொன்று. 32 பார் கொண்ட அந்த இரண்டாவதின் நடுப்பகுதியில் டி 7, ஜி 7, சி 7, எஃப் 7 என்ற நான்கு கார்டுகள் தலா இரண்டு பார் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 16 குவேவர் இடம் கிடைப்பதால் ஸ்கேல் விதிகளைத் தாளத்துக்குள் சோதிக்க இதைவிடத் தாராளமான இடம் பீபாப்பில் இல்லை.

முதலில் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது சுரத்திலிருந்தும் விதிப்படி ஒரு பார் இறங்கி, மறு பார் முழுவதும் வாசிக்காமல் நில்லுங்கள். அது நிலைபெற்ற பின் தொடக்கத்தை முதல் பீட்டிலிருந்து நகர்த்தி, இரண்டாவது பீட்டின் பிற்பாதிக்குக் கொண்டுபோங்கள். விதியில் எதுவும் மாறவில்லை என்றாலும், ஒலி பயிற்சியிலிருந்து விலகிப் பேச்சை நெருங்குவது உடனே தெரியும். பிறகு ஒலிப்பதிவிலிருந்து பிடித்த நான்கு பாரை எடுத்துக்கொள்ளலாம். எஃப் 7இன்மீது பார்க்கர் வாசித்த வரி ஒன்றை, பி ஃபிளாட் 7 வரும் ஐந்தாவது பாருக்குக் கொண்டுபோகும்போது பல சமயம் ஏ என்ற சுரத்தை ஏ ஃபிளாட்டாக இறக்கினாலே போதும். முழுவதையும் வேறு சுருதிக்கு மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு சுர மாற்றத்தைக் காது எதிர்பார்க்கத் தொடங்கும் நாளில்தான், கார்டு மாற்றம் என்பது தாளில் இருந்த செய்தியாக இல்லாமல் ஒலியாக நமக்குள் வருகிறது. அதே வரியின் தாள அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுவதும், சுரங்களை வைத்துக்கொண்டு ஒரு பீட் தள்ளித் தொடங்குவதும் அடுத்தடுத்த வேலைகள். கல்பனாசுரத்தில் ஒரே கணக்கை வெவ்வேறு எடுப்புக்குப் பொருத்திப் பழகியவருக்கு இந்தக் கடைசிப் பயிற்சி விளையாட்டாகவே இருக்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. தவறினால் அடுத்த பாரில் சேர்ந்துகொள்ள வேண்டும். திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது. அறைப் பயிற்சியில் ஒவ்வொரு பிழைக்கும் நின்று திருத்தும் பழக்கம், பாடலுக்குள் அதே இடங்களில் நிற்கும் பழக்கமாக மாறிவிடுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

இதற்குப் பின்னணியாக எதை வைத்துக்கொள்வது என்பதிலும் தேர்வு இருக்கிறது. ஐரியல் ப்ரோ போன்ற செயலிகள் எந்தப் பாடலின் கார்டுகளையும் எந்தச் சுருதியிலும் வேகத்திலும் வாசித்துத் தரும். உற்சாகமாக இருக்கும், ஆனால் எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்ற பொறுப்பைச் செயலி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது பீட்டுகளில் மட்டும் ஒலிக்கும்படி பாதி வேகத்தில் வைத்து வாசித்தால், கட்டமைப்பும் கார்டும் நம் வரியிலிருந்தே எழ வேண்டியிருக்கிறது. வார நாட்களுக்கு மெட்ரோனோம், வார இறுதியில் செயலி என்பது என் பரிந்துரை. வாடகைப் பயிற்சி அறையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு நண்பர் கிடைத்தால் இரண்டையும் மூடி வைத்துவிடலாம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் ஐந்து சுற்று பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். நேரத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அந்தப் பதிவே சொல்லிவிடும். சுரங்கள் எல்லாம் பொருந்தியும் வரிகள் மூச்சின்றி ஓடினால், ஸ்கேலுக்குக் கொடுத்த பத்து நிமிடத்தையும் கேட்டுப் பிடிப்பதற்கு மாற்றுங்கள். வரிகளில் உயிர் இருந்தும் புளூஸின் ஐந்தாவது பாரிலோ எட்டாவது பாரிலோ கார்டு தொலைந்துபோனால், அந்த இரண்டு பாருக்கு மட்டும் ஸ்கேல் விதிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் விரல் தொடர்ந்து தடுக்கினால், ஒத்திவைத்த லிக் வழியிலிருந்து அந்த இடத்துக்குப் பொருந்தும் ஒன்றே ஒன்றை, அந்தச் சுருதியில் மட்டும் எடுத்துப் பயிலலாம். 160 வேகத்தில் இவை மூன்றும் ஒருசேரக் குலைந்தால் மெட்ரோனோமை 120க்கு இறக்கிவிட்டு, அதே நான்கு பாரோடு இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்.